யாரும் ஏறாத வண்டி

மார்ச் 2, ஞாயிறு

என் பெரிய பேரனுக்கு,

உன் பாட்டி ஆயிரம் முத்தத்தோடு எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்கு என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நல்ல சேதிகள்.

நாம் கண்ணாடி என்று கூப்பிடும் உன் தம்பி கடைசிப் பரீட்சையிலும் தேறிவிட்டான். கல்லூரியிலேயே பாடம் நடத்த வைத்துக்கொண்டார்கள். முன் பெஞ்சில் இருப்பவர்களுக்கு அவனைவிடப் பெரிய மீசையாம். நேற்று வரை சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு திரிந்தவன், இன்றைக்கு சார். உன் தங்கை வாலு மலைச் சைக்கிள் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். முதலில் வந்தவளுக்கு நம் வாலுவைவிட இரண்டு வயது கூட, காலும் ஒரு சாண் கூட. நியாயமாகப் பார்த்தால் வாலுதான் முதல். நீ அங்கே பெரிய பட்டறையில் எட்டுப் பேருக்கு மேஸ்திரியாக இருப்பது இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கும் நான் சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவளுக்கு இப்படி மூன்று பேரப்பிள்ளைகள். கண் படாமல் இருக்கட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனை என் காதில் வைத்தால் தகர டப்பாவுக்குள் வண்டு கத்துகிற மாதிரிதான் கேட்கிறது, அதனால்தான் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவை இன்னொரு காரணமும் உண்டு. போன் உன் அம்மா கையில் இருக்கிறது.

வாலுவின் வண்டிக்கு, மேடுபள்ளத்தில் அதிர்வைத் தாங்க நீ அனுப்பிய பின்பக்க ஷாக்கை மாட்டிவிட்டார்கள். சீட்டுக்குக் கீழே தடித்த டார்ச் லைட் மாதிரி படுத்திருக்கிறது. அதற்குள் கம்பிச்சுருள் கிடையாது, காற்றுதான் கம்பிச்சுருள் என்று நீ எழுதியதை அக்கம்பக்கத்தில் விளக்கிச் சொல்லி, எனக்கே நன்றாகப் புரிந்துபோயிற்று. வாலு சனிக்கிழமை ஹாஸ்டலில் இருந்து வருவாள், ஓட்டுவாள், ஞாயிறு சாயங்காலம் நூற்று அறுபது வரை காற்றடித்து வைத்துவிட்டுப் போவாள். அடுத்த சனி வரை அந்தக் காற்று நிற்கிறதா என்று குட்டிப் பம்பை மாட்டி அதன் அளவு முள்ளைப் பார்ப்பது என் வேலை. அடிக்கக் கூடாது, திருகக் கூடாது, பார்க்க மட்டும். புது ஷாக்கில் காற்றை அடைக்கும் ரப்பர் சீல் பிடிக்கவில்லை என்றால், அணிக்கு ஆள் எடுக்கும் ஏப்ரல் தேர்வுப் பந்தயத்துக்குள் வேறு அனுப்ப வேண்டும் என்று சொல்லி, இத்தனை பேர் இருக்க என்னிடம் இதைக் கொடுத்தாய். நானும் ஒரு நாள் தவறாமல் பார்க்கிறேன்.

குறைகிறது. திங்கட்கிழமை ஓர் இடம், செவ்வாய்க்கிழமை அதற்குக் கீழே, வெள்ளிக்கிழமை பார்த்தால் பாதிக்குப் பக்கத்தில் நிற்கிறது முள். அந்த ஐந்து நாளும் வண்டி துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்தபடி இருக்கிறது. யாரும் ஏறவில்லை. யாரும் ஏறாத வண்டியில் காற்று எங்கே போகும்?

உன் அப்பா அணைக்கட்டு வேலையில் இருந்து மாதக் கடைசியில்தான் வருவான். மற்ற நாளில் வீட்டில் இரண்டே பேர். ஒருத்தி நான். நான் யாரையும் சொல்லவில்லை.

ஆனால் போன வருடம் வாலு விழுந்து தோள் எலும்பில் விரிசல் விட்டதில் இருந்து உன் அம்மாவுக்கு அந்த வண்டியைக் கண்டால் ஆகாது. "இது ஒருநாள் இவள முழுங்கிடும் பாருங்க" என்று என்னிடமே சொன்னாள். புதன்கிழமை, வண்டி இருக்கும் பின் அறையில் இருந்து வந்தாள். என்ன தேடினாய் என்றால் துடைப்பம் என்றாள். துடைப்பம் வாசலில் இருந்தது. அவள் புடவைத் தலைப்பில் கறுப்பாக வண்டி மை. உன்னோடு போனில் பேசும்போது நான் வந்தால் குரல் இறங்குகிறது. எனக்குக் காது கேட்காது என்று தெரிந்தும் குரலை இறக்குகிறாள் என்றால் என்ன அர்த்தம்?

யோசித்துச் சொல்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
பாட்டி


மார்ச் 10, திங்கள்

என் சி.ஐ.டி. பாட்டிக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். சிரித்ததில் பக்கத்து மேஜைக்காரர் எழுந்தே போய்விட்டார்.

திருடனைக் கண்டுபிடித்துவிட்டேன் பாட்டி. நீதான்.

கோபப்படாமல் கேள். அந்த ஷாக்குக்குள் இருக்கிற இடம் ரொம்பக் கொஞ்சம், உன் காபி டம்ளரில் பாதிகூட வராது. அதற்குள் காற்றை அவ்வளவு அழுத்தமாகத் திணித்திருக்கிறோம். பம்பின் குழாய் காலியாக இருக்கிறது. நீ மாட்டித் திருகியதும், உள்ளே நெருக்கியடித்துக்கொண்டிருந்த காற்றில் கொஞ்சம் ஓடிவந்து குழாயை நிரப்பிக்கொள்ளும். முள் காட்டுவது அதற்குப் பிறகு மிச்சமிருப்பதைத்தான். கழற்றும்போது குழாயில் வந்தது புஸ்ஸென்று வெளியே போய்விடும். காற்றடிப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் குறைந்ததையும் சேர்த்து அடித்துவிடுவார்கள். அடிக்காமல் வெறுமனே பார்ப்பவர்களுக்குத்தான் ஒவ்வொரு பார்வைக்கும் ஒரு குழாய்க் காற்று நஷ்டம். பார்க்க மட்டும் என்று சொன்னவன் நான். அது என் தப்பு.

எனவே அம்மாவை விட்டுவிடு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று உலகம் முழுக்கச் சொல்லுவாய், உன் விஷயத்தில் மட்டும் மறந்துபோவாய்.

ஒன்று செய். வருகிற ஞாயிறு வாலு காற்றடித்துவிட்டுப் போன பிறகு சனிக்கிழமை வரை பம்பைத் தொடாதே. சனிக்கிழமை வாலு வந்து பார்க்கட்டும். ஒரு குழாய் அளவுக்கு மேல் குறையாமல் இருந்தால் சீல் பிடிக்கிறது, நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

இங்கே குளிர் விடவில்லை. நீ பின்னிய மப்ளர்தான் காப்பாற்றுகிறது.

உன்
பெரியவன்


மார்ச் 23, ஞாயிறு

பெரியவனுக்கு,

இது சிரிப்பதற்கான கடிதம் இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் படிக்காதே.

குழாய் சாப்பிடுகிறது என்று நீ எழுதியதை நான் முழுக்க நம்பவில்லை. ஆனாலும் பேரன் சொல் தட்டக்கூடாது என்று அப்படியே செய்தேன். வாலு போன பிறகு பம்பை என் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன், அப்புறம் வேண்டாம் என்று பழைய இடத்திலேயே வைத்தேன். எலி வர வேண்டுமானால் பொறியில் தேங்காய் இருக்க வேண்டும். காற்று அடைக்கும் வாயில் ஒரு குட்டி மூடி இருக்கிறதே, அதைச் சுற்றி வெள்ளை நூல் கட்டினேன். இரட்டை முடிச்சு.

ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. கை அரித்தது. போகவில்லை.

நேற்று வாலு வந்தாள். பஸ் தாமதம், அவள் சேக்காளிகள் மலையடியில் காத்திருக்கிறார்கள்.

"பாட்டி, காத்துப் பாத்தியா?" என்றாள்.

"விரல்கூடப் படலடி. உங்கண்ணன் சொன்னபடி போட்டது போட்ட மாதிரி இருக்கும்" என்றேன்.

"அப்ப நானும் பாக்கல. பாத்தாத்தான் குறையுமாமே" என்று சிரித்துக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் அந்தச் சேக்காளிகளில் இரண்டு பேர் அவளைத் தாங்கிக் கூட்டிவந்தார்கள். மேட்டில் இருந்து குதித்து இறங்குகிற இடத்தில் வண்டியின் பின்பக்கம் தொய்ந்துபோய் அடிவரைக்கும் இடித்ததாம். பெடல் கல்லில் பட்டுத் தூக்கிப்போட்டிருக்கிறது. எலும்புக்கு ஒன்றுமில்லை, மணிக்கட்டு சுளுக்கு, முழங்கையில் தோல் போயிருக்கிறது. கட்டுப் போட்டிருக்கிறது. தேர்வுப் பந்தயத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை.

எல்லோர் முன்னாலும் பம்பை மாட்டச் சொன்னேன். முள் தொண்ணூறைத் தாண்டவில்லை. நான் தொடாத வாரம்! மூடியைக் கழற்றும் முன்பே நூலைப் பார்த்திருந்தேன். ஒற்றை முடிச்சு, அதுவும் சுருக்குப் போட்டு.

"இந்த நூல யாரு அவுத்தது?"

"நான்தான் அத்தை" என்றாள் உன் அம்மா. ஒளிக்கவில்லை.

"எதுக்கு?"

அவள் வாலுவின் கைக்கட்டைச் சரிசெய்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன். எதுக்குத் தொட்ட?"

"அதச் சொல்ல முடியாது அத்தை" என்று சுவரைப் பார்த்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நாக்கு நிற்கவில்லை. "பெத்த பொண்ணையே தள்ளிவிட்டுட்டியே, நீ ஒரு தாயா" என்றேன். வாலு கட்டுப்போட்ட கையோடு எழுந்து, "பாட்டி, போதும் நிறுத்து" என்று கத்தினாள். உன் அம்மா அழவும் இல்லை, ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவும் இல்லை. வாலுவுக்குச் சாப்பாடு ஊட்டினாள். பாத்திரம் கழுவினாள். அப்புறம் ஒரு பையில் நாலு புடவையை வைத்துக்கொண்டு உன் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

குற்றமில்லாதவள் எதற்கு வாயை மூடிக்கொள்ள வேண்டும்? நீயே சொல்.

உன் அப்பாவுக்கும் இதையே எழுதப்போகிறேன். அவள் இந்த வீட்டுக்குத் திரும்பி வருவதானால் நான் கண்ணாடியிடம் போய்விடுவேன். ஒன்று அவள், இல்லாவிட்டால் நான். ஆண்பிள்ளைகள் நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள். நீ யார் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

பாட்டி


மார்ச் 30, ஞாயிறு

பாட்டிக்கு,

அப்பாவுக்கு எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தை நம்பாதே என்று இன்னொன்று எழுதிவிடு. எழுதவில்லை என்றால் எழுதாதே. முதலில் இதைப் படி.

அம்மா பம்பை மாட்டிப் பார்த்தது உண்மை. பார்க்கச் சொன்னவன் நான்.

நீ முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பிருந்தே இது நடக்கிறது. போன தடவை நான் வந்தபோது நீ கடிகாரத்தை மூக்கருகில் கொண்டுபோய் மணி பார்த்ததைக் கவனித்தேன். நூற்று அறுபதை நூற்றுத் தொண்ணூறு என்று படித்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். உன்னிடம் கேட்டால் நீ வருத்தப்படுவாய். அதனால் அம்மாவிடம், "பாட்டிக்குத் தெரியாம நீயும் ஒருதடவை பாத்து எனக்குச் சொல்லும்மா" என்றேன். நீ காலையில் பார்த்தாய். அவள் மதியம் பார்த்தாள். இரண்டு பேரும் அடிக்கவில்லை. தினம் இரண்டு குழாய்க் காற்று நஷ்டம்.

உன்னைத் தொடாதே என்று எழுதிய வாரத்தில் அம்மாவிடம், "பாட்டி இந்த வாரம் பம்ப தொடக்கூடாது, கொஞ்சம் கவனிச்சுக்கோ" என்றேன். குழாய் காற்றைக் குடிக்கும் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். நீ கூடத்துக்குள் வந்திருப்பாய் போலிருக்கிறது, அம்மா "சரி சரி, வெச்சுடறேன்" என்று வைத்துவிட்டாள். அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன், பட்டறை வேலையில் மறந்துபோனேன். நீ தொட்டாயா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவள் தினமும் பம்பை மாட்டிப் பார்த்திருக்கிறாள். நூலை மை படாமல் அவிழ்த்து, நினைவாகத் திரும்பக் கட்டியும் வைத்திருக்கிறாள். அது ஷாக்குக்கு வேண்டிய ஏதோ கட்டு என்று நினைத்தாளாம்.

சொல்லக்கூடாது என்று நான் கேட்டுக்கொண்டதால் அவள் சொல்லவில்லை. அவ்வளவு பேச்சு வாங்கியும் சொல்லவில்லை. இதை வாலு எனக்குச் சொன்னபோது தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஷாக் நன்றாகத்தான் இருக்கிறது. வாலு விழுந்ததற்குக் காரணம் நீயும் இல்லை, அம்மாவும் இல்லை. என்னை என்ன வேண்டுமானாலும் சொல். மாமா வீட்டுக்குப் போய் அம்மாவைக் கூட்டிவா பாட்டி.

பெரியவன்


ஏப்ரல் 6, ஞாயிறு

கடிதம் வந்தது. படித்தேன். கண் தெரியாத கிழவிக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்க வேண்டாம்.

பாட்டி


ஏப்ரல் 11, வெள்ளி

பாட்டி,

நீ எழுதிய அஞ்சலட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். குத்துகிறது. குத்தட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன்.

அம்மா போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். நீயும் இல்லை, அவளும் இல்லை என்றால் எனக்கு அங்கே யார்?

தேர்வுப் பந்தயம் இருபதாம் தேதி. ஷாக் அப்படி அடிவரை இடித்த பிறகு ஒரு முறை பிரித்துப் பார்த்துச் சீல்களை மாற்றிவிடுவது நல்லது. சீல் பொட்டலமும் கிரீசும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வாலுவுக்கு எப்படிச் செய்வதென்று தெரியும். ஆனால் அவள் மணிக்கட்டை வைத்துக்கொண்டு தனியாக முடியாது. ஒருவர் இறுகப் பிடிக்க வேண்டும், ஒருவர் திருக வேண்டும். பிரிப்பதற்கு முன் காற்றை முழுதாக வெளியே விட்டுவிடச் சொல். இல்லையென்றால் மேலுறை துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும்.

பந்தயத்துக்காகவாவது.

பெரியவன்


ஏப்ரல் 21, திங்கள்

பெரியவனுக்கு,

கை வலிக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

உன் பொட்டலம் வந்த அன்று மத்தியானமே உன் மாமன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்க அத்தை" என்றாள். எழுந்திருக்கவில்லை. உன் மாமன் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, கடைக்குப் போகிறேன் என்று நழுவிவிட்டான். தைரியசாலி.

என்ன பேசுவதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. "அந்தப் பம்ப நீ எப்படி மாட்டுவ? முழுக்கத் திருகுவியா, பாதிதானா?" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "முழுக்கத்தான்."

"நானும் முழுக்கத்தான்."

"தெரியும். நீங்க கழட்டும்போது புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும்ல, சமையல்கட்டு வரைக்கும் கேக்கும். பக்கத்துல நிக்கற உங்களுக்குத்தான் கேக்காது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன்.

"நான் அவ்வளவு பேசினேனே, அப்பவாவது சொல்லித் தொலச்சிருக்கலாம்ல" என்றேன்.

"என்னன்னு சொல்லச் சொல்றீங்க? வாலு இருக்கா, கூட வந்த பசங்க இருக்காங்க. அவங்க முன்னாடி, உங்களுக்குக் கண்ணு தெரியல, அதனால என்னப் பாக்கச் சொன்னான்னு சொல்லவா?"

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயம் இருந்தது வசதியாகப் போயிற்று.

மன்னிப்புக் கேட்டாயா பாட்டி என்று நீ கேட்பாய். அவள் பையை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் சீட்டுக் கிடைத்தபோது அவளை உட்காரச் சொல்லி நான் நின்றேன். அவள் அடுத்த நிறுத்தத்தில் என்னை இழுத்து உட்கார வைத்துவிட்டாள். உன் அப்பாவுக்கு நான் எழுதவில்லை; போன மாதக் கடைசியில் வேலை முடியாமல் அவனும் வரவில்லை, அதனால் எங்கள் கணக்கு எங்களுக்குள் முடிந்தது. முழுக்க முடிந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் சொன்ன ஒரு சொல் இருக்கிறது, அது அவளுக்கு நினைவிருக்கும். எனக்கும் இருக்கட்டும்.

சனிக்கிழமை ஷாக்கைப் பிரித்தோம். சாப்பாட்டு மேஜையில் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு, வாலு நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்து ஏவினாள், நாங்கள் இரண்டு பேரும் வேலைக்காரிகள். காற்றை முழுக்க விட்டோம். நான் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள, உன் அம்மா மேலுறையைத் திருகினாள். அது அசையவில்லை. "நீங்க விட்டுக் குடுக்கறீங்க அத்தை, இறுக்கிப் பிடிங்க" என்றாள். "நான் எங்கடி விட்டுக் குடுத்தேன், என் ஆயுசுல" என்றேன். வாலு சிரித்த சிரிப்பில் கிரீஸ் டப்பா கீழே உருண்டுபோயிற்று. உள்ளே துடைத்தால் கறுப்புக் களிம்பு. பழைய சீல்களை மூங்கில் குச்சியால் நெம்பி எடுத்தாள் உன் அம்மா. இரும்பால் நெம்பினால் கீறிவிடுமாம். கீறல் விழுந்தால் அதன் வழியாகக் காற்று போகும். புதியவற்றைக் கிரீஸ் தடவி ஒவ்வொன்றாக விரலால் அமுக்கி உட்கார வைத்தோம். பூ தொடுக்கிற வேலை மாதிரி பொறுமை வேண்டியிருக்கிறது.

அப்புறம் வண்டியில் மாட்டி மெதுவாகக் காற்றடித்தோம். கொஞ்சம் அடிப்பது, நிறுத்தி சீட்டை நாலைந்து தடவை அமுக்குவது, உள்ளே இருக்கிற இரண்டு அறைக்கும் காற்று சமமாகப் போகட்டும் என்று. மறுபடி அடிப்பது. நான் பம்பு அடித்தேன். முள்ளை உன் அம்மா படித்தாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் கண் டாக்டரிடம் போகிறோம் என்றும் பேசிவைத்திருக்கிறோம்.

வாலு தலைக்கவசம், பை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி அசையாமல் உட்கார்ந்தாள். ஷாக்கின் தண்டில் இருக்கும் கறுப்பு வளையம் எவ்வளவு தள்ளிப்போகிறது என்று உன் அம்மா அளந்தாள். முழு நீளத்தில் கால் பங்கு வந்தது. "அதுதான் சரி, இறங்கறேன்" என்றாள் வாலு. சீட்டை அமுக்கி விட்டால் ஒரே மூச்சில் எழும்பி நிற்க வேண்டும், குதிரை மாதிரி இரண்டு தரம் துள்ளக் கூடாது என்று எழும்பும் வேகத்தைக் குறைக்கும் சிவப்புக் குமிழை இரண்டு சொடுக்கு திருகச் சொன்னாள். மணிக்கட்டு இன்னும் வலிக்கிறதாம், வேகமாகத் துள்ளினால் கைக்குத் தாங்காதாம். அதை எங்களிடம் அதுவரை சொல்லவே இல்லை, கள்ளி.

நேற்றுப் பந்தயம். நாலாவது வந்தாள். மூன்று பேரைத்தான் எடுப்பார்கள்.

அழுவாள் என்று நினைத்து உன் அம்மா கைக்குட்டையோடு ஓடினாள். அவள் அழவில்லை. "ஷாக் பட்டு மாதிரி இருந்துச்சும்மா. நான்தான் அந்த மேட்டுக்கிட்ட பயந்து பிரேக்கப் பிடிச்சேன்" என்றாள். அதை அவள் அம்மாவிடம் சொன்னாள், என்னிடம் இல்லை. பயத்தைப் பற்றி யாரிடம் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. நாலாவது என்றால் என்ன, சுளுக்கிய கையோடு நாலாவது. தெருவில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

இனி உன் விஷயம்.

நேற்று திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டு வந்தோம். நான் மாத்திரையை விழுங்குகிறேனா, ஜன்னல் வழியாக வீசுகிறேனா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறாயாம் உன் அம்மாவை. உன் அம்மா சரியாகச் சாப்பிடுகிறாளா, தனியாக உட்கார்ந்து அழுகிறாளா என்று பார்க்கச் சொன்னாய் என்னை. வாலுவைக் கேட்டால், "எங்கிட்ட உங்க ரெண்டு பேரையும் பாக்கச் சொல்லிருக்கான்" என்றாள். ஒரு வீட்டில் மூன்று பெண்கள், மூன்று பேருமே உனக்கு ஒற்றர்கள். எங்களுக்குள் ஒருத்திக்கும் இது தெரியாது. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். அப்புறம் உன் அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். தூரத்தில் இருக்கிறவன் கவலைப்படுவான், அது எனக்குப் புரிகிறது. ஆனால் கேட்க வேண்டியதை நேராகக் கேள். கண் தெரிகிறதா பாட்டி என்று கேட்டிருந்தால் நான் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்திருப்பேன், மூன்றாம் நாள் டாக்டரிடம் போயிருப்பேன். இனி என்னைப் பற்றி என்னிடம் கேள். உன் அம்மாவைப் பற்றி அவளிடம் கேள். வேவு பார்க்கிற வேலையை நாங்கள் மூன்று பேரும் ராஜினாமா செய்துவிட்டோம். வாலு கையெழுத்துப் போடுகிறேன் என்கிறாள்.

உன் அம்மா சிரிப்பை நிறுத்தியது எதனால் என்று இரவு படுக்கப் போகும்போது சொன்னாள். "நம்ம எல்லாரையும் பாத்துக்கறதுக்கு ஆள் வெச்சுட்டான் அத்தை. அவனப் பாக்க அங்க யாரு இருக்கா?" என்றாள். விளக்கைப் போட்டு உன் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். குளிர் விடவில்லை என்று எழுதினாய், சாப்பாட்டு இடைவேளை என்று எழுதினாய், வேறு ஒன்றும் எழுதவில்லை. மெலிந்திருக்கிறாயா, பருத்திருக்கிறாயா, யாரோடு சாப்பிடுகிறாய், காய்ச்சல் வந்தால் யார் வெந்நீர் வைத்துக் கொடுக்கிறார்கள்?

எங்களுக்கு அங்கே ஒற்றர் கிடையாது. ஆகவே புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. கூடத்தில் மாட்டியிருப்பது நீ புறப்பட்ட அன்று எடுத்தது, அதில் இருப்பவன் இன்னும் ஊரை விட்டே போகவில்லை. தலை முதல் கால் வரை தெரிய வேண்டும். மப்ளரால் கழுத்தை மூடாதே. கையை நீட்டி நீயே எடுத்துக்கொண்டது வேண்டாம் என்கிறாள் உன் அம்மா, நானும் அதையே சொல்கிறேன். அங்கே உன்னோடு இருக்கும் யாராவது எடுத்ததாக இருக்க வேண்டும்.

பாட்டி